மக்காச்சோளத்துக்குப் பதில் கோதுமை, சோளம், குருணை: பிராய்லர் தீவனத்தில் எந்த என்சைம், எவ்வளவு?

#1 — புதுக்கொட்டகை

வளர்ச்சித் தீவனத்தில் (குரோயர்) டன்னுக்கு 600 கிலோ மக்காச்சோளம் இருந்தது. அதில் 400 கிலோவை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கோதுமை போட்டாச்சு. சோயா புண்ணாக்கு, எண்ணெய் எதையும் தொடவில்லை. தூள் தீவனம்தான், பெல்லட் இல்லை. டன்னுக்கு என்எஸ்பி என்சைம் (தானிய நார்ச்சத்தை உடைப்பது) கலவை 500 கிராம், கிராமுக்கு 5000 எஃப்டியூ (வீரிய அலகு) உள்ள ஃபைட்டேஸ் (தானியத்தில் கட்டுண்ட பாஸ்பரஸை விடுவிக்கும் என்சைம்) 100 கிராம்.

35 நாள் எஃப்சிஆர் (ஒரு கிலோ எடை ஏறத் தின்னும் தீவனம்) 1.62-லிருந்து 1.72 ஆகிவிட்டது. 12-ஆம் நாளிலிருந்து எச்சம் பசை மாதிரி ஒட்டுகிறது, ஆழ்கூளம் அப்பளமாகக் கட்டிப் போகிறது. என்சைம் அளவை இரட்டிப்பாக்கினால் சரியாகுமா? இல்லை, கோதுமையை விட்டுவிட்டுச் சோளம், அரிசிக் குருணை பக்கம் போவதா?

#2 — நுண்கணக்கு

என்சைமைத் தொடாதீங்க. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

மக்காச்சோளத்தின் வளர்சிதை எரிசக்தி கிலோவுக்கு 3350 கிலோகலோரி, கோதுமைக்கு 3050 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரகம், ஈரம் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும். 400 × 300 = 1,20,000. அதாவது தீவனத்தில் கிலோவுக்கு 120 கிலோகலோரி குறைந்துவிட்டது. 3100 இருந்த தீவனம் இப்போது 2980. கோழி எரிசக்திக்காகத்தான் தின்னும், அதனால் சுமார் 4% கூடுதலாகத் தின்றால்தான் அதே எடை வரும். 1.62-ஐ 1.04-ஆல் பெருக்கினால் 1.685. உங்கள் 10 புள்ளி (0.10) ஏற்றத்தில் ஆறரைப் புள்ளி ஃபார்முலாவிலேயே இருக்கிறது. மிச்சம் மூன்றரைதான் எச்சம் ஒட்டுகிற பிரச்சினையின் பங்கு.

இன்னொரு பக்கம் புரதம் கூடிவிட்டது. மக்காச்சோளம் 8.5%, கோதுமை 12% என்றால் டன்னுக்கு 14 கிலோ கச்சாப் புரதம் அதிகம். கோழி அதை யூரிக் அமிலமாக வெளியேற்றும், அதற்குத் தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும். கூளம் நனைய அதுவும் ஒரு காரணம்.

திருத்தம் இப்படி: சோயா புண்ணாக்கை 40 கிலோ குறையுங்கள். அந்த இடத்தில் கோதுமை 33 கிலோ, சோயா எண்ணெய் 7 கிலோ. சோயா (2300) போய்க் கோதுமையும் எண்ணெயும் வருவதால் கிலோவுக்கு 70 கிலோகலோரி திரும்பிவிடும். மீதி 50-ஐ சைலனேஸ் (கோதுமை நாரை உடைக்கும் என்சைம்) மீட்டுத் தரும் எரிசக்தி என்று கணக்கில் எழுதலாம். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

சோயாவைக் குறைத்தால் அமினோ அமிலம் இடிக்கும். கோதுமை கொடுக்கிற லைசினையும் சேர்த்துப் பார்த்தால் டன்னுக்கு சுமார் 0.7 கிலோ லைசின் பள்ளம், அதாவது 78% லைசின் ஹைட்ரோகுளோரைடு 900 கிராம். திரியோனின் 450 கிராம், மெத்தியோனின் 150 கிராம் வாக்கில் கூட்ட வேண்டும். கோதுமையில் புரதம் அதிகம் என்று சோயாவை மட்டும் வெட்டி இதை விட்டுவிட்டால் நெஞ்சுக்கறி குறையும், வயிற்றுக் கொழுப்பு ஏறும்.

#3 — எச்சம்பார்

நுண்கணக்கு சொன்ன அந்த மூன்றரைப் புள்ளியைப் பற்றி.

கோதுமையின் செல் சுவரில் அராபினோசைலான் என்ற நார்ச்சத்து இருக்கிறது. அதில் நீரில் கரையும் பகுதி சிறுகுடலில் கரைந்து உள்ளடக்கத்தைக் கெட்டியாக்கும். மக்காச்சோளத் தீவனத்தில் குடல் நீரின் பாகுத்தன்மை 2-3 செண்டிபாய்ஸ். கோதுமை கூடினால் 10-ஐயும் தாண்டலாம். அந்தப் பாகில் செரிமான நொதிகள் தீவனத்தைப் போய்ச் சேராது, பித்த உப்பும் கொழுப்பும் கலக்காது. செரிக்காமல் கடைசிக் குடலுக்குப் போகிற மாவுச்சத்தும் புரதமும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸுக்குத் தீனி. குடல் அழற்சி நோய் கோதுமை, பார்லி, ரை தீவனங்களில் அதிகம் வருவது இதனால்தான்.

கொழுப்பு விஷயத்தில் ஒன்று. பாகுத்தன்மை இருக்கும்போது பாமாயில், மாட்டுக்கொழுப்பு போன்ற நிறைவுற்ற கொழுப்புகள்தான் மிக மோசமாகச் செரிக்கும். சோயா எண்ணெய் ஓரளவு தாங்கும். கோதுமைத் தீவனத்துக்கு எண்ணெய் தேர்வு செய்யும்போது இதையும் பாருங்கள்.

ஆனால் ஈரக் கூளம் என்றாலே கோதுமை என்று முடிவு கட்டாதீர்கள். எச்சத்தைக் கையுறை போட்டு எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். நூலாக இழுபட்டால், ஆசனவாயைச் சுற்றி இறகில் காய்ந்து ஒட்டியிருந்தால், பாகுத்தன்மை. ஒட்டாமல் தண்ணீராகப் பரவினால் உப்பு அல்லது தாது. சோடியம் 0.16–0.23%க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பும் சோடா உப்பும் இரண்டு இடத்திலிருந்து சேர்ந்திருக்கலாம். ஆரஞ்சு நிறச் சளி வந்தால் தீவனத்தை விடுங்கள், காக்சிடியாவுக்கு (குடல் ஒட்டுண்ணி) குடலைத் திறந்து பார்க்க வேண்டும். உடையாத தானியத் துண்டு தெரிந்தால் அரைவைப்பை வேலை செய்யவில்லை.

கோதுமையில் உள்ள பயோட்டின் கோழிக்கு ஏறக்குறையக் கிடைப்பதே இல்லை. மக்காச்சோளத்தில் இருப்பது கிடைக்கும். ஈரக் கூளமும் பயோட்டின் குறைவும் சேர்ந்தால் பாதப் புண் நிச்சயம். வைட்டமின் பிரிமிக்ஸில் டன்னுக்கு 200 மில்லிகிராம் பயோட்டின் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள்.

#4 — ஆலைக்கதவு

தூள் தீவனத்தில் கோதுமை என்கிறீர்கள், எந்தச் சல்லடையில் அரைக்கிறீர்கள்? மக்காச்சோளத்துக்குப் போட்ட அதே 3 மில்லிமீட்டர் சல்லடையில் கோதுமையை விட்டால் மாவாகிவிடும். குஞ்சு தின்னும்போது எச்சிலோடு சேர்ந்து அலகில் பசையாக அப்பிக்கொள்ளும். கீழ் அலகின் உள்பக்கம் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகக் கட்டி இருந்தால் அதுதான். ஒட்டியது அப்படியே அழுகினால் அலகு கோணும், தின்கிற அளவும் குறையும்.

தூள் தீவனத்துக்கு சராசரித் துகள் 900–1000 மைக்ரான் வேண்டும். கோதுமைக்கு 5-6 மில்லிமீட்டர் சல்லடை, இல்லையென்றால் ரோலர். கரடுமுரடாக இருந்தால் அரைவைப்பை வலுப்படும், தீவனம் அங்கே கூடுதல் நேரம் தங்கும், ஃபைட்டேஸ் வேலை செய்வதும் அங்கேதான். ஃபினிஷரில் (கடைசிக் கட்டத் தீவனம்) 10–15% கோதுமையை முழுசாகவே போடலாம். ஆனால் அந்த அளவைக் கலவையில் கணக்கிட்டே போட வேண்டும். ஃபார்முலாவுக்கு வெளியே மேலே தூவினால் லைசினும் வைட்டமினும் நீர்த்துப் போகும்.

#5 — புதுக்கொட்டகை

எச்சம் நூலாகத்தான் இழுபடுகிறது. சல்லடை 3 மி.மீ. தான்.

என்சைம் லேபிளில் சைலனேஸ் கிராமுக்கு 10,000 யூனிட், செல்லுலேஸ், பீட்டா-குளுக்கனேஸ், பெக்டினேஸ், அமைலேஸ், லைப்பேஸ், மன்னனேஸ் என்று வரிசையாக இருக்கிறது. வேறொரு பொருளில் சைலனேஸ் மட்டும், கிராமுக்கு 1,60,000 யூனிட். இரண்டாவது 16 மடங்கு வீரியமா?

#6 — நுண்கணக்கு

அப்படி ஒப்பிடவே முடியாது. சைலனேஸ் யூனிட்டுக்குப் பொது வரையறை கிடையாது. ஒரு நிறுவனம் pH 5.3, 50 டிகிரியில் அளக்கும், இன்னொன்று வேறு pH, வேறு வெப்பம், வேறு மூலப்பொருள். ஒரே நொதியையே இரண்டு முறையில் அளந்தால் இரண்டு எண் வரும். கோழிக் குடல் 41 டிகிரி வாக்கில், pH 6-க்கு மேல். 50 டிகிரி எண் அங்கே எதையும் சொல்லாது.

ஃபைட்டேஸ் மட்டும் விதிவிலக்கு. pH 5.5, 37 டிகிரியில், சோடியம் ஃபைட்டேட்டிலிருந்து நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிப்பது ஓர் எஃப்டியூ. உங்கள் 5000 × 100 கிராம் = டன்னுக்கு 5 லட்சம், கிலோவுக்கு 500 எஃப்டியூ. அது சரியான அளவு.

சைலனேஸ் வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: கோதுமைத் தீவனத்தில் பிராய்லருக்குச் செய்த சோதனை முடிவு, கரையும் அராபினோசைலானில் வேலை செய்யுமா கரையாததிலா, எந்த வெப்பம் வரை தாங்கும். நீளமான பட்டியல் போட்ட கலவையை விட, கோதுமைக்கு ஒரு நல்ல சைலனேஸ் மேல். பெக்டினேஸும் லைப்பேஸும் லேபிளில் இடம் பிடிக்கத்தான் பெரும்பாலும்.

#7 — தீவனவிதை

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். நல்ல என்சைம் போட்டுவிட்டால் எந்த தானியமும் ஒன்றுதான். மலிவாகக் கிடைப்பதைப் போட்டுவிட்டுப் போகலாமே?

#8 — எச்சம்பார்

இல்லை. என்சைம் பூட்டுக்கேற்ற சாவி. சைலனேஸ் அராபினோசைலானை உடைக்கும், அவ்வளவுதான். பார்லியில் இருப்பது பீட்டா-குளுக்கான், அதற்கு பீட்டா-குளுக்கனேஸ். சோளத்தின் டானினை (துவர்ப்புப் பொருள்) சைலனேஸ் உடைக்காது. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சையும் அது தொடாது. பயோட்டினையும் லினோலிக் அமிலத்தையும் தோல் நிறத்தையும் எந்த நொதியும் கொண்டுவராது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். நல்ல மக்காச்சோளமும் நல்ல சோயாவும் உள்ள தீவனத்தில் சைலனேஸ் போட்டால் கிடைப்பது கொஞ்சம்தான், சில தொகுதிகளில் ஒன்றும் தெரியாது. மக்காச்சோளம் மோசமாக இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். ஈரமாக அறுத்து அதிக வெப்பத்தில் உலர்த்திய மக்காச்சோளம் அந்த ரகம். அதில் மாவுச்சத்தும் புரதமும் இறுகிப்போகும்.

#9 — சிறுதானியம்

சோளம், கம்பு பற்றி யாரும் சொல்லவில்லையே.

சோளத்தில் பாகுத்தன்மைப் பிரச்சினை இல்லை, சைலனேஸுக்கு அங்கே பெரிய வேலையும் இல்லை. அதன் சிக்கல் இரண்டு: டானின், காஃபிரின். டானினைக் கண்டுபிடிக்க ப்ளீச் சோதனை போதும். 100 மணிகளை ஒரு பீக்கரில் போடுங்கள். 3.5% சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 100 மில்லியில் 5 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து மணிகள் மூழ்கும்படி ஊற்றி 20 நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லேசாகச் சுழற்றி வையுங்கள். வடித்து, நீரில் அலசி, உறிஞ்சுதாளில் பரப்புங்கள். முழுக்கக் கருத்த மணி டானின் உள்ளது. வெளுத்ததோ நுனியில் மட்டும் கருத்ததோ இல்லாதது. கையுறை, கண்ணாடி கட்டாயம், பக்கத்தில் எந்த அமிலமும் இருக்கக் கூடாது. தோலின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிவப்புச் சோளம் எல்லாம் டானின் சோளம் இல்லை.

நூற்றுக்கு நாலைந்து கருப்பு என்றால் கலப்பு, பயன்படுத்தலாம். பாதி கருத்தால் ஸ்டார்ட்டருக்கு (குஞ்சுத் தீவனம்) வேண்டவே வேண்டாம்.

காஃபிரின் என்பது சோளத்தின் புரதம். கந்தகப் பிணைப்பால் இறுகி மாவுமணிகளைச் சுற்றி நிற்கும், நீராவியில் அதிகம் வேகவைத்தால் இன்னும் இறுகும். பெல்லட் ஆலைக்காரர்கள் சோளத்துக்கு வெப்பத்தைக் கூட்டாமல் இருப்பது நல்லது. லைசினும் மக்காச்சோளத்தை விடக் குறைவு.

கம்பு எனக்குப் பிடித்த தானியம். புரதம் 11-12%, எண்ணெய் 5% வாக்கில், எரிசக்தியும் மக்காச்சோளத்துக்கு ரொம்பக் கீழே இல்லை. மக்காச்சோளத்தில் பாதியைத் தயங்காமல் மாற்றலாம். இரண்டு எச்சரிக்கை: மணி சிறிது, பெரிய சல்லடையில் உடையாமல் நழுவும், அதனால் 2.5 மி.மீ. சல்லடை. அரைத்தபின் அதன் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். அரைத்ததை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மக்காச்சோளத்தைத் தவிர எதைப் போட்டாலும் தோலும் காலும் வெளுக்கும். மஞ்சள் தோல் கேட்கிற சந்தை என்றால் நிறமிக்குத் தனியாக வழி பார்க்க வேண்டும்.

#10 — நுண்கணக்கு

குருணை பற்றி ஒன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. அரிசிக் குருணை அருமையாகச் செரிக்கும். ஆனால் அதில் ஃபைட்டேட் (பாஸ்பரஸைக் கட்டிவைத்திருக்கும் தாவரப் பொருள்) மிகக் குறைவு, அது தவிட்டோடு போய்விட்டது. மக்காச்சோளம் 60, சோயா 30 உள்ள தீவனத்தில் ஃபைட்டேட் பாஸ்பரஸ் 0.24% வாக்கில் இருக்கும். மக்காச்சோளம் முழுதும் குருணையானால் அது 0.17% பக்கம் இறங்கும். 500 எஃப்டியூ ஃபைட்டேஸ் 0.12% பாஸ்பரஸை விடுவிக்கும் என்று கணக்கு எழுதினால், முதல் தீவனத்தில் பாதியை உடைத்தாலே போதும். இரண்டாவதில் முக்கால்வாசிக்கு நெருக்கமாக உடைக்க வேண்டும், அது நடக்காது. அந்தத் தீவனத்தில் 0.08-க்கு மேல் எழுதாதீர்கள். மூன்றாவது வாரத்தில் கால் இழுக்க ஆரம்பித்தால் காரணம் இங்கேதான் இருக்கும்.

டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) குறைப்பதிலும் தவறு நடக்கிறது. 0.12% என்றால் டன்னுக்கு 1.2 கிலோ பாஸ்பரஸ். 18% டிசிபியில் அது 6.7 கிலோ. அதை எடுக்கும்போது கூடவே ஒன்றரைக் கிலோ கால்சியமும் போகிறது. உடனே அதை ஈடுகட்ட 4 கிலோ சுண்ணாம்புக்கல் தூளைக் கூட்டுகிறார்கள். ஃபைட்டேஸே 1.1 கிலோ வாக்கில் கால்சியத்தையும் விடுவிக்கிறது. கூட்ட வேண்டியது 1 கிலோதான். அதிகக் கால்சியம் ஃபைட்டேட்டோடு ஒட்டிக்கொண்டு அதை உடைக்கவே விடாது. மிக நைசான சுண்ணாம்புத் தூள் இன்னும் மோசம், இரைப்பையிலேயே கரைந்து pH-ஐ ஏற்றிவிடும்.

இதில் மறைந்திருக்கும் சுண்ணாம்பும் உண்டு. மருந்து, டாக்சின் பைண்டர் (நஞ்சைப் பிடிக்கும் பொருள்), பிரிமிக்ஸ் எல்லாவற்றின் நிரப்பியும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்தான். எல்லாம் சேர்ந்து டன்னுக்கு 5 கிலோ ஆகிவிடும், ஃபார்முலா தாளில் தெரியாது. தீவனத்தையே ஆய்வகத்துக்கு அனுப்பிக் கால்சியம் அளந்தால் உண்மை தெரியும்.

#11 — ஆலைக்கதவு

பெல்லட் போடுகிறவர்களுக்கு: கோதுமை பெல்லட்டைக் கெட்டியாகப் பிடிக்கும், அதற்காக ஆலைகள் விரும்பும். ஆனால் கண்டிஷனர் (தீவனத்தை நீராவியில் சூடாக்கும் பகுதி) வெப்பம் 80-ஐத் தாண்டத் தாண்ட இரண்டு கேடு. பூச்சில்லாத நொதி சிதையும். அராபினோசைலானும் கூடுதலாகக் கரைந்து பாகுத்தன்மை ஏறும். 90-க்குப் போன கோதுமைத் தீவனத்தில் நொதியும் செத்திருக்கும், நொதிக்கான தேவையும் கூடியிருக்கும்.

வெப்பத்தைக் குறைக்க முடியாதென்றால் பூச்சுள்ள நொதி, இல்லையென்றால் பெல்லட் குளிர்ந்தபின் திரவமாகத் தெளிப்பது. தெளிக்கிற இடம் சல்லடைக்குப் பிறகு இருக்க வேண்டும். முன்னால் தெளித்தால் நொதியில் ஒரு பங்கு உதிர்ந்த தூளோடு திரும்ப அச்சுக்குப் போய் வெந்துவிடும்.

கலப்பதும் முக்கியம். டன்னுக்கு 100 கிராமை நேராக மிக்சரில் கொட்டினால் எங்கோ ஒரு மூலையில் நிற்கும். 5 கிலோ அரைத்த மக்காச்சோளத்தில் முதலில் கலந்து, தானியம் பாதி விழுந்தபின் ஊற்றுங்கள், எண்ணெய் கடைசியில். கிடைமட்ட ரிப்பன் மிக்சருக்கு எல்லாம் விழுந்தபின் 4-5 நிமிடம், செங்குத்து மிக்சருக்கு 12–15. என்சைமைக் கோலின் குளோரைடோடும் தாது பிரிமிக்ஸோடும் ஒரே பையில் கலந்து வைக்காதீர்கள், கோலின் ஈரத்தை இழுக்கும், தாமிரமும் இரும்பும் நொதியைக் கொல்லும்.

#12 — தீவனவிதை

சைலனேஸ் 60, ஃபைட்டேஸ் 50, புரோட்டியேஸ் 30 என்று மூன்று பொருளின் மேட்ரிக்ஸும் (தீவனத்தில் கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி மீட்கும் என்ற கணக்கு) தருகிறார்கள். மூன்றும் போட்டால் 140 கிலோகலோரி எண்ணெயைக் குறைக்கலாம்தானே?

#13 — நுண்கணக்கு

கூட்டக் கூடாது. தீவனத்தில் செரிக்காமல் போகிற பங்கு ஒன்றுதான். முதல் நொதி அதில் ஒரு பகுதியை மீட்டுவிட்டால் அடுத்ததற்கு மிச்சம் குறைவு. என் நடைமுறை: ஃபைட்டேஸின் தாதுக் கணக்கை முழுசாக எடு, எரிசக்திக் கணக்கை ஒரே நொதியிடமிருந்து எடு, இரண்டாவதற்குப் பாதி, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை.

புரோட்டியேஸ் வாங்கும் முன் சோயாவைச் சோதியுங்கள். யூரியேஸ் (சோயா வெந்த அளவைக் காட்டும் சோதனை) 0.05–0.20, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் புரதக் கரைதிறன் 78–85% என்றால் சோயா நல்லது, புரோட்டியேஸுக்கு வேலை குறைவு. கரைதிறன் 72-க்குக் கீழே போனால் சோயா கருகியிருக்கிறது. அந்த லைசினை எந்த நொதியும் திருப்பித் தராது.

#14 — புதுக்கொட்டகை

திருத்திய ஃபார்முலா சரியா என்று எப்படிச் சோதிப்பது? கொட்டகை ஒன்றுதான்.

#15 — எச்சம்பார்

ஒரு பாதி பழையது, ஒரு பாதி புதியது என்று பிரிக்க வேண்டாம். விசிறிப் பக்கமும் வாசல் பக்கமும் எப்போதுமே வேறு வேறாக வளரும். வலையால் 12 அறை பிரித்து, பழையது புதியது மாறி மாறி ஆறு ஆறு. ஒவ்வொரு அறைக்கும் தீவனம் தனி எடை, 7, 21, 35 நாளில் கோழி எடை, மிஞ்சிய தீவனம் எடை, செத்த கோழியின் எடை. செத்ததின் எடையைச் சேர்க்காவிட்டால் எஃப்சிஆர் பொய் சொல்லும்.

ஒப்பிட ஐரோப்பிய உற்பத்தித் திறன் குறியீடு எளிது: உயிர்த்திருப்பு % × எடை கிலோ × 100, அதை நாள் × எஃப்சிஆர்-ஆல் வகுக்க. 95%, 2.2 கிலோ, 35 நாள், 1.55 என்றால் 385. ஆறு அறைகளுக்குள்ளேயே எஃப்சிஆர் 5 புள்ளி ஆடுகிறது என்றால், இரண்டு தீவனத்துக்கும் நடுவே 2 புள்ளி வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை.

ஃபைட்டேஸ் தீவனத்தில் இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்புவதானால், என்சைம் போடாத அதே தீவனத்தின் மாதிரியையும் சேர்த்து அனுப்புங்கள். கோதுமையிலேயே இயல்பான ஃபைட்டேஸ் நிறைய உண்டு. தூள் தீவனத்தில் அது உயிரோடு இருக்கும், நீங்கள் போடாததையும் போட்டதாகக் காட்டும்.

#16 — புதுக்கொட்டகை

நன்றி எல்லாருக்கும். கடைசியாக ஒன்று: புது அறுவடைக் கோதுமை வந்திருக்கிறது. இப்போதே அரைக்கலாமா? ஸ்டார்ட்டரிலும் போடலாமா?

#17 — ஆலைக்கதவு

புதுக் கோதுமையை மூன்று நாலு வாரம் ஆறவிட்டு எடுங்கள், அறுத்தவுடன் பாகுத்தன்மை அதிகமாக இருக்கும். காத்திருக்க முடியாதென்றால் பழைய கோதுமையோடு பாதிக்குப் பாதி. ஈரம் 13%க்கு மேல் இருந்தால் குவிக்காமல் முதலில் உலர்த்துங்கள்.

ஸ்டார்ட்டரில் 10%க்கு மேல் வேண்டாம், குஞ்சின் குடல் பாகுத்தன்மையைத் தாங்காது. குரோயரில் 20-லிருந்து தொடங்கி நாலைந்து நாளில் 40-க்கு ஏற்றுங்கள். 3 மி.மீ. சல்லடையை அதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.